கதவுப் பக்கத் தொட்டில்

நாகேஷ் எத்தனை முறை நேராக்கி வைத்தாலும் ரக்ஷாவின் தலை இடது பக்கமே திரும்பிக்கொண்டது.

குழந்தை அயர்ந்ததும் கன்னத்தில் இரண்டு விரல் வைத்து மெல்ல வலது பக்கம் திருப்புவான். மூன்று நிமிடம் அப்படியே இருப்பாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பதற்குள் முகம் பழையபடி இடது பக்கம் போயிருக்கும். அழுகை கிடையாது, சிணுங்கல் கிடையாது. கடிகார முள் நகர்வதைப் போல, யாரும் பார்க்காத நேரத்தில் அது நடந்து முடிந்திருக்கும்.

ரக்ஷாவுக்கு மூன்றரை மாதம். இடது காதுக்குப் பின்னால், தலை உருண்டையாக இருக்க வேண்டிய இடம் தட்டையாகியிருந்தது. மடியில் உட்காரவைத்து உச்சியிலிருந்து பார்த்தால், இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருப்பதும் தெரிந்தது.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் தலையைச் சுற்றி டேப் வைத்துப் பார்த்து, "அளவு கரெக்டா இருக்குதுபா" என்றாள். நாகேஷுக்கு அந்த அளவில் நம்பிக்கை வரவில்லை. பொம்மசந்திராவில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இரும்பு வளையங்களை அளப்பதுதான் நாள் முழுக்க வேலை. ஒரு வளையத்தைச் சுற்றி நூல் வைத்து அளந்தால், அது அமுங்கி முட்டை வடிவமாகியிருந்தாலும் சுற்றளவு சரியாகவே காட்டும். வட்டம் கெட்டிருப்பதைக் கண்டுபிடிக்க, குறுக்கே அளக்க வேண்டும். வளையத்தைக் கொஞ்சம் சுழற்றி மறுபடி குறுக்கே அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்பெனியில் ஓவாலிட்டி என்பார்கள்.

அன்று மாலை, மனைவி வீணா குளிக்கப் போயிருந்தபோது, பிளாஸ்டிக் வெர்னியர் அளவுகோலை வைத்து மகளின் தலையைக் குறுக்காக அளந்தான். இடது நெற்றியிலிருந்து வலது பின்னந்தலைக்கு நூற்று முப்பத்தொன்று மில்லிமீட்டர். வலது நெற்றியிலிருந்து இடது பின்னந்தலைக்கு நூற்று இருபத்திரண்டு. ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம். கம்பெனியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தாலே வளையம் சிவப்புப் பெட்டிக்குப் போகும். இதை அவன் வீணாவிடம் சொல்லவில்லை.

வீணாவிடம் பல விஷயங்களைச் சொல்லாமல் இருக்கப் பழகியிருந்தான். ரக்ஷா ஒற்றையாகப் பிறக்கவில்லை. முப்பத்து மூன்றாவது வாரத்தில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். இருவரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார்கள். இரண்டாவதாகப் பிறந்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். பதினோராம் நாள்தான் பெயர் வைப்பதாக இருந்தார்கள். அதனால் மருத்துவமனைக் காகிதத்தில் 'வீணாவின் குழந்தை, இரண்டு' என்பதோடு அவள் நின்றுபோனாள். வீட்டில் பேச்சு வந்தால் 'சின்னது' என்பார்கள். பேச்சு அநேகமாக வராது.

அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில், இரண்டாவது மாடியில் வீடு. படுக்கையறையின் நடுவில் வீணாவின் ஒற்றைக் கட்டில். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மரத் தொட்டில். குழந்தைகள் இருவரும் கண்ணாடிப் பெட்டியில் இருந்த முதல் வாரத்திலேயே நாகேஷ் இரண்டையும் தன் கையால் போல்ட் போட்டு முடுக்கி நிறுத்தியிருந்தான். சுவர்ப் பக்கத் தொட்டிலில் ரக்ஷா படுக்கிறாள். கதவுப் பக்கத் தொட்டிலில் இதுவரை யாரும் படுத்ததில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் வீணா அதன் விரிப்பை எடுத்துத் துவைத்து, வேறொன்று விரிப்பாள். அந்தத் தொட்டிலுக்கு எட்டு போல்ட். கழற்ற ஐந்து நிமிடம் ஆகாது என்று நாகேஷுக்குத் தெரியும். நாகேஷ் கழற்றவில்லை, வீணாவும் கேட்கவில்லை.

தலை ஏன் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க நாகேஷ் ஒரு பட்டியல் போட்டான். தொட்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்குமோ? ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. ஜன்னல் வெளிச்சமோ? திரையை மூடினான். ஃபேன் காற்றோ? நிறுத்திப் பார்த்தான். மெத்தையில் பள்ளமோ? மெத்தையைத் திருப்பிப் போட்டான். எதற்கும் ரக்ஷா மசியவில்லை.

ஒன்று மட்டும் அவனுக்குப் புரிந்தது. தட்டை விழுந்த வளையத்தை மேஜையில் உருட்டிவிட்டால், கடைசியில் அது தட்டைப் பக்கத்திலேயே வந்து நிற்கும். தலையும் அப்படித்தான். ஒரு பக்கமாகவே படுத்ததால் தட்டையானது. தட்டையானதால் அந்தப் பக்கமே உருண்டு போகிறது. ஆனால் முதல் முறை ஏன் அந்தப் பக்கம் போனது?

கீழ் வீட்டு டோரதி அக்காவுக்கு இந்தக் கேள்வியே தேவைப்படவில்லை.

"கடுகு ரொப்பி ஒரு தலைகாணி தெச்சு வைம்மா வீணா. எங்க பொண்ணு அன்னாவுக்கு அப்படித்தான் வச்சேன். அவ தலை பாத்துக்கிறியா, கிரிக்கெட் பால் மாதிரி."

"அதான்க்கா, அன்னா எந்த ஹெல்மெட்டும் தலையில நிக்காம கூந்தல் பறக்க வண்டி ஓட்டுறா" என்றான் நாகேஷ்.

"போடா, உனக்கு வாய் மட்டும் ரவுண்டு."

வீணா சிரிக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தை எடுத்து வந்து அக்காவிடம் நீட்டினாள். ஒரு வயது வரை தலையணை கூடாது, முகத்தருகே மெத்தென்ற எதுவும் இருந்தால் மூச்சை அடைக்கும், தூங்கும்போது எப்போதும் மல்லாக்கத்தான் என்று அதில் இருந்தது. அந்தக் காகிதத்தை அவள் மடித்து மடித்தே மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன.

"இன்னொன்னையும் என்னால குடுக்க முடியாதுக்கா" என்றாள். டோரதி அக்கா கடுகைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை வீணாவுக்கு டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. டோரதி அக்கா துணைக்குப் போனாள். நாகேஷுக்கு லீவு. பால் குடித்து முழித்துக் கிடந்த ரக்ஷாவைத் தொட்டிலில் விட்டு, அவள் கண்ணில் படாதபடி கால் பக்கத் தரையில், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துத் தலை எந்தப் பக்கம் என்று குறித்தான். நேராக. நேராக. வலது. நேராக. கொஞ்சம் இடது. மறுபடி வலது. கம்பிகளின் நிழல் விழுந்த சுவரைப் பார்த்து அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாகேஷ் நோட்டை மறுபடி படித்தான். வெளிச்சம் அதே, காற்று அதே, மெத்தை அதே. என்ன மாறியது?

பத்தரை மணிக்கு மாடிப்படியில் வீணாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ரக்ஷாவின் கை கால் ஆட்டம் நின்றது. வீணா வழக்கம்போல உள்ளே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் தலை இடது பக்கம் திரும்பி, அங்கேயே நின்றது.

அவன் பட்டியலில் பொருள்கள் மட்டுமே இருந்தன. ஆட்களை அவன் எழுதவே இல்லை.

"வீணா! கண்டுபுடிச்சிட்டேன்!" என்று துள்ளி எழுந்தான். "ஜன்னலும் இல்ல, ஃபேனும் இல்ல. நீதான்! உன்னாலதான் அவ தலை அப்படி ஆவுது!"

வீணா அவனைப் பார்த்தாள். கையில் இன்னும் டாக்டர் சீட்டு இருந்தது.

"இதுவும் என்னாலதானா?" என்றாள்.

சொன்னதை அப்போதுதான் அவனே கேட்டான். ஒன்பதாம் நாளிலிருந்து அவள் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது அவன் உரக்கச் சொல்லிவிட்டான்.

"அப்படி இல்லமே. நான் சொல்ல வந்தது..."

"தெரியுது. விடுங்க."

அன்றிலிருந்து வீணா கட்டிலில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், தொட்டிலில் விட்டதும் எழுந்து ஹாலுக்குப் போய்விடுவாள். இரவில் நாகேஷ் படுக்கும் பாயில் அங்கே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். தான் விலகிப் போனால் தலை சரியாகிவிடும் என்பது அவள் கணக்கு. கணக்குத் தப்பியது. அம்மா போன வழி கதவு. கதவும் இடது பக்கம்தான். ரக்ஷா முன்னைவிட அதிக நேரம் அந்தப் பக்கமே பார்த்துக் கிடந்தாள், அழுதாள், அழுது தேய்த்துப் பின்னந்தலை முடி உதிர்ந்தது. வியாழக்கிழமை நாகேஷ் மறுபடி அளந்தபோது வித்தியாசம் பத்து மில்லிமீட்டர்.

குழந்தை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு இருவரும் பிசியோதெரபி பிரிவுக்குப் போனார்கள். அங்கே மமதா என்பவர் பார்த்தார். பேச்சில் கன்னடமும் தமிழும் கலந்து வந்தன. ரக்ஷாவை மடியில் வைத்து, ஒரு சிவப்புக் கிலுகிலுப்பையை இடமும் வலமும் நகர்த்தி, தலை எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று பார்த்தார். கழுத்தின் இரு பக்கத் தசையையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"கழுத்துல ஏனில்லா சார், ஒன்னுமில்ல. சில கொழந்தைங்களுக்கு ஒரு பக்கத் தசை இறுக்கமா இருக்கும், அதான் செக் பண்ணேன். இவளுக்கு ரெண்டு பக்கமும் ஃப்ரீயா போவுது."

"அப்புறம் ஏன் மேடம்?"

"நீங்க சொல்லுங்க. தொட்டில்ல படுத்தா இவளுக்கு வலது பக்கம் என்ன தெரியும்?"

"சுவரு."

"இடது பக்கம்?"

வீணாதான், தரையைப் பார்த்தபடி, "நானு" என்றாள்.

"மத்தே? பின்ன, சுவரையும் அம்மாவையும் வச்சா சுவரையா பார்ப்பா? புத்திசாலிப் பொண்ணு. இதுல யார் தப்பும் இல்லம்மா."

வீணா தலை நிமிர்ந்தாள். நாகேஷ் நோட்டில் எழுதிவைத்திருந்ததும் இதே விஷயம்தான். ஆனால் அவன் சொன்னபோது அது குற்றமாக விழுந்தது.

மமதா ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டை எடுத்துக் காட்டினார். குழந்தையின் மண்டை ஒரே எலும்பு அல்ல, தனித்தனித் தகடுகள். நடுவில் விரியக்கூடிய தையல்கள். உள்ளே மூளை வேகமாக வளர்ந்து தகடுகளை வெளியே தள்ளுகிறது. மெத்தை அழுத்திக்கொண்டே இருக்கும் இடத்தில் தள்ள முடியாது. அந்த வளர்ச்சி வேறு பக்கம் போய்விடுகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குத் தகடு இன்னும் மெல்லிசு, அதனால் சீக்கிரம் அமுங்கும். இதனால் மூளைக்கு ஒன்றும் ஆகாது.

"அப்போ கையால அழுத்தி ரவுண்டு பண்ணலாமா?" என்றான் நாகேஷ்.

"அய்யோ, கூடவே கூடாது. நாம தள்ள வேணாம் சார், அவ மூளையே தள்ளும். அழுத்தற எடத்தை நாம விட்டுக் குடுத்தா போதும்."

நாகேஷுக்கு அது பிடித்திருந்தது. கம்பெனியில் வட்டம் கெட்ட வளையம் தானாக வட்டமானதே இல்லை. இங்கே, சுமையை எடுத்துவிட்டால் பொருள் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் மூளை வேகமாக வளரும் காலத்துக்குள் அது நடக்க வேண்டும். ஆறேழு மாதத்துக்கு மேல் வேகம் குறையும். அப்புறம் அவ்வளவாகத் திருந்தாது, சிலருக்கு நாள் முழுக்கத் தலைக்கவசம் மாட்ட வேண்டியிருக்கும்.

முழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போட்டு விளையாடவிட வேண்டும், தோளில் தூக்கி வைத்திருக்க வேண்டும், பாலுக்குக் கையை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். தூங்கும்போது குப்புறப் போடலாமா என்று நாகேஷ் கேட்டபோது மமதா சிரிப்பை நிறுத்திவிட்டு, "மல்லாக்க மட்டும்தான். அது மட்டும் மாறவே கூடாது" என்றார். கடைசியாக, "தொட்டில்ல ஒரு நாள் தலை இந்தப் பக்கம், மறுநாள் தலை அந்தப் பக்கம் வைங்க. அம்மாவைப் பார்க்கணும்னா தானா மறு பக்கம் திரும்புவா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சிக்கல் அந்தக் கடைசி யோசனையில்தான் வந்தது. கட்டிலும் தொட்டில்களும் தெற்கே தலைமாடு. மாற்றி வைத்தால் ரக்ஷாவின் தலை வடக்கே போகும்.

"வடக்கால தலை வைக்க மாட்டேன்" என்றாள் வீணா.

"சாஸ்திரமெல்லாம் நீ எப்ப பாத்த?"

"பாத்ததில்ல. இருந்த ரெண்டுல ஒன்னு போயிடுச்சு. இப்ப பாக்காம இருக்க பயமா இருக்குதுங்க."

நாகேஷ் வாதாடவில்லை. அவனுக்கே அந்தப் பயம் இருந்தது. காந்தம், திசை, ரத்த ஓட்டம் என்று அவன் சிநேகிதர்கள் சொல்லும் காரணம் எதையும் அவன் நம்பியதில்லை. ஆனாலும் தன் கையால் அந்தக் குழந்தையை வடக்கே தலை வைத்துக் கிடத்த அவனால் முடியாது.

கட்டிலைக் குறுக்கே போட்டுப் பார்த்தான். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. ஹாலில் தொட்டிலுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, கம்பெனித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அறையை வரைந்தான். நடுவில் ஒரு கட்டம், கட்டில். அதற்கு இரு பக்கமும் ஒவ்வொரு கட்டம். சுவர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் அம்மா இடது கையில். கதவுப் பக்கத்திலிருந்து பார்த்தால் அம்மா வலது கையில். தலை தெற்கே இருக்கும். கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகிவிடும். பென்சில் கதவுப் பக்கக் கட்டத்தின் மேல் நின்றது. தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

"காட்டுங்க" என்றாள் வீணா. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள்.

"ஒன்னுமில்ல."

"நாலு நாளா நானும் அதான் நெனைச்சுட்டு இருக்கேன். காட்டுங்க."

தாளை வாங்கிப் பார்த்தாள். அதே கட்டத்தில் விரலை வைத்தாள்.

"அதுல இவளப் படுக்க வச்சுட்டா, அப்புறம் சின்னதுக்குன்னு என்னா இருக்குது இந்த வீட்ல? ஒரு போட்டோ கூட இல்ல. பேரு இல்ல."

நாகேஷ் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னான்.

"ஒரே அடியா மாத்தக் கூடாது வீணா. மாத்திட்டா வலது பக்கம் தட்டையாயிடும். ரெண்டும் வேணும். எப்பவும் ஒன்னு காலியாத்தான் இருக்கும்."

"ரெண்டும் வேணுமா?"

"ரெண்டும்."

அவள் ரக்ஷாவை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவுப் பக்கத் தொட்டிலின் விரிப்பை எடுத்தாள். இரண்டு நாள் முன்பு விரித்ததுதான், அழுக்கில்லை. உதறி, மறுபடி விரித்து, நாலு மூலையையும் இழுத்துச் செருகினாள். செருகிய பிறகும் மெத்தை மேல் கை வைத்தபடி குனிந்தே நின்றாள். தோள்கள் குலுங்கின. மூன்று மாதமாக நாகேஷ் கேட்காத அழுகை அது. பக்கத்தில் போகலாமா கூடாதா என்று தெரியாமல், குழந்தையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். பிறகு அவள் கையை நீட்டினாள். ரக்ஷாவை வாங்கி மல்லாக்கப் படுக்கவைத்து, கட்டிலில் உட்கார்ந்தாள்.

ரக்ஷா பழக்கப்படி இடது பக்கம் பார்த்தாள். அங்கே கதவு இருந்தது. சும்மா ஒரு கதவு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். வீணா மூக்கை உறிஞ்சினாள். தலை மெல்ல, தடங்கித் தடங்கி, தட்டையைத் தாண்டி நடுவுக்கு வந்து, வலது பக்கம் திரும்பியது.

ஆறு வாரம் கழித்து மமதா அளந்தபோது வித்தியாசம் ஆறு மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. "தலைக்கவசம் வேணாம். இதையே விடாம செய்யுங்க" என்றார்.

வெளியே காத்திருந்த வரிசையில் ஒரு பெண், இரண்டு மாதக் குழந்தையோடு, வீணாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் குழந்தைக்கும் பின்னந்தலை ஒரு பக்கம் தட்டை விழ ஆரம்பித்திருந்தது.

"உங்க பாப்பாவுக்கு எப்படிக்கா சரியாச்சு?"

"தொட்டில் மாத்தி மாத்தி படுக்க வச்சோம்."

"ரெண்டு தொட்டிலா? ஒரு பாப்பாவுக்கு எதுக்குக்கா ரெண்டு?"

மருந்துச் சீட்டோடு வந்த நாகேஷ் சட்டென்று நின்றான். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் வீணா யார் வீட்டுக்கும் போகாமல் இருந்தாள்.

"எனக்கு ரெண்டு பொறந்தது" என்றாள் வீணா. "ஒன்னு ஒன்பது நாள்ல போயிடுச்சு."

அந்தப் பெண் தன் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். வீணா கை நீட்டி அதன் தலையைத் தொட்டு, தட்டை எந்தப் பக்கம் என்று விரலால் பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்.

"உங்களுக்கு ஒரு தொட்டில் இருந்தா போதும். நீங்க எந்தப் பக்கம் படுக்கிறீங்களோ, அந்தப் பக்கமேதான் அது பாக்கும். அதனால உங்க எடத்த தெனம் மாத்துங்க. இன்னிக்கு அதுக்கு இடது பக்கம் நீங்க, நாளைக்கு வலது பக்கம் நீங்க. தலைகாணி வேணாம், மல்லாக்கவே படுக்கட்டும், முழிச்சிருக்கப்ப பக்கத்துல இருந்து குப்புறப் போடுங்க. நாங்க தேதி கூட பாக்கிறதில்ல. நேத்து எந்தத் தொட்டில்ல படுத்தாளோ, இன்னிக்கு அதுல படுக்க வைக்கிறதில்ல. அவ்ளோதான்."